வெளிநாட்டில் கர்ப்பிணி, ஊரில் இன்னொரு டாக்டர்: இரண்டாவது கருத்து கேட்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டூர் திறந்து குடமுருட்டியில் தண்ணீர் வந்த வாரம் அது. பாபநாசத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் மகளிடமிருந்து செல்போனுக்கு ஒரு படம் வந்தது. இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். எட்டிப் பார்த்த என் நாத்தனார், "அண்ணி, ஹீமோகுளோபின் நூற்றெட்டு என்று போட்டிருக்கிறதே, இப்படியும் ஏறுமா?" என்று பதறிவிட்டார்.

முப்பது ஆண்டு கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். எனக்கே ஒரு நொடி நெஞ்சை அடைத்தது. பிறகுதான் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த அலகைப் பார்த்தேன். அங்கே ஒரு லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதுகிறார்கள். நாம் டெசிலிட்டருக்கு எழுதுகிறோம். பத்தால் வகுத்தால் 10.8. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் தினமும் பார்த்துப் பழகிய எண்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இங்கே 11க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்று பதிவேட்டில் எழுதுவோம். இங்கிலாந்தில் 28 வாரத்தில் 10.5க்குக் கீழே போனால்தான் இரத்தசோகை. ஆகவே கும்பகோணத்து டாக்டர் "இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டும்" என்றார். அங்கிருந்த மிட்வைஃப் (கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிக்கப் பயிற்சி பெற்றவர்) "கவலை வேண்டாம்" என்றார். இருவரும் அவரவர் அளவுகோலின்படி சரியாகத்தான் சொன்னார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு தூக்கத்தைத் தொலைத்தவள் என் மகள்.

டெல்டாவில் தெருவுக்குத் தெரு ஒரு பெண் சிங்கப்பூரிலோ, வளைகுடாவிலோ, லண்டனிலோ கருவுற்றிருக்கிறாள். அவர்களுக்காகவும் ஊரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அம்மாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இன்னொரு டாக்டரிடம் கேட்பது தப்பில்லை. கேட்க வேண்டிய நேரங்கள் உண்டு. கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். முதல் டாக்டர் பார்த்த அதே காகிதங்களை இரண்டாமவரும் பார்க்க வேண்டும். அவர் சொன்ன பதில் முதல் டாக்டரிடம் திரும்பிப் போக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் குழப்பம்தான் மிஞ்சும்.

கேட்கக் கூடாத நேரம்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகள் வளைகுடா நாடு ஒன்றில் இருந்தாள். 34 வாரம். ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு அழைத்தாள். "அத்தை, மாலையிலிருந்து தலை பிளக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது. ஊர் டாக்டருக்குப் போட்டோம், அவர் எடுக்கவில்லை. மாத்திரை ஏதாவது போடலாமா?" என்றாள். போனை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். அங்கே பிரஷர் 170க்கு 110. விடிவதற்குள் சிசேரியன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் எனக்குப் போன் வருவதற்கு முன்பு, ஊரில் யார் எடுப்பார்கள் என்று காத்திருந்ததில் இரண்டு மணி நேரம் போயிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல், காய்ச்சல், வலிப்பு. இவற்றில் எது வந்தாலும் ஊருக்குப் போன் போடாதீர்கள். அருகில் உள்ள பிரசவப் பிரிவுக்குப் போங்கள். உடம்பில் தடிப்பு இல்லாமல் உள்ளங்கையும் பாதமும் கடுமையாக அரித்தால், அது கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரால் பிரஷர் பார்க்க முடியாது.

முதல் படி: இது தவறா, வேறு நாட்டு வழக்கமா என்று பிரித்துப் பாருங்கள்

ஊரில் இருப்பவர்களின் பாதிப் பதற்றம் இங்கேதான் தொடங்குகிறது. "ஒன்பது மாதத்தில் இரண்டே ஸ்கேனா? டாக்டர் முகத்தையே பார்க்கவில்லையா?" என்று என் சம்பந்தி கேட்டார். இங்கிலாந்தில் சிக்கல் இல்லாத கர்ப்பத்தை மிட்வைஃப்தான் பார்க்கிறார். தேவைப்பட்டால் மட்டுமே டாக்டர். வழக்கமான ஸ்கேன் இரண்டுதான். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 21 வாரத்துக்குள் இன்னொன்று. அங்கே யாரும் அலட்சியம் செய்யவில்லை; அந்த ஊர் முறையே அதுதான். இங்கே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரை 180 நாளுக்குக் கொடுக்கிறோம். அங்கே எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. ஸ்கேனில் குழந்தைக்குக் குறை இருக்கலாம் என்று சொன்னால், முன்பு சிசேரியன் ஆகியிருந்து இப்போது எப்படிப் பிரசவம் என்று முடிவெடுக்க வேண்டியிருந்தால், குழந்தை குறுக்கிலோ தலை மேலாகவோ இருந்தால், இரட்டைக் குழந்தை என்றால், சர்க்கரை அல்லது தைராய்டு மருந்து தொடங்கச் சொன்னால், கர்ப்பப்பை வாயில் தையல் போடச் சொன்னால் இன்னொருவரிடம் கேட்பது நல்லது. நீங்கள் சொல்வதை யாரும் காதில் வாங்கவில்லை என்று தோன்றினாலும் கேளுங்கள்.

இரண்டாம் படி: கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

"டாக்டர், எல்லாம் சரியாக இருக்கிறதா, பாருங்கள்" என்று கேட்டால் "சரியாக இருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கும். ஒரு தாளை எடுங்கள். மேலே வயது, எத்தனையாவது கர்ப்பம், இன்றைக்கு எத்தனை வாரம், எத்தனை நாள், இரத்த வகை. எங்கள் பக்கத்தில் ஆர்எச் நெகட்டிவா பாசிட்டிவா என்பதை மறந்துவிட்டு 'ஓ குரூப்' என்று மட்டும் சொல்லும் பழக்கம் இருக்கிறது. நெகட்டிவ் என்றால் வழக்கமாக 28வது வாரத்தில் ஒரு ஊசி உண்டு. அதைப் போட்டாயிற்றா என்றும் எழுதுங்கள். அடுத்து, முன்பு நடந்த பிரசவங்கள், கருச்சிதைவுகள், அறுவை சிகிச்சைகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள். ஊரிலிருந்து வந்த மாத்திரை, கஷாயம், லேகியம் எல்லாம் இதில் சேரும். அவற்றை மறைக்காதீர்கள்.

அதற்குக் கீழே, அங்குள்ள டாக்டர் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்று அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். கடைசியில் கேள்வி. மூன்றுக்கு மேல் வேண்டாம். "சிசேரியன் தேவையா?" என்பதைவிட இப்படிக் கேளுங்கள்: "முதல் குழந்தை சிசேரியன், காரணம் குழந்தை தலை மேலாக இருந்தது. இப்போது தலை கீழே இருக்கிறது. சுகப்பிரசவத்துக்கு முயன்றால் எனக்கு என்ன வாய்ப்பு, என்ன ஆபத்து?" இப்படிக் கேட்டால் டாக்டரால் எண்ணில் பதில் சொல்ல முடியும். ஒரு சிசேரியனுக்குப் பிறகு முயலும் பெண்களில் நான்கில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. பழைய தையல் விடும் ஆபத்து இருநூறில் ஒருவருக்கு. இது பொதுக் கணக்கு. உங்களுக்கு அது கூடுமா குறையுமா என்பதைத்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: காகிதங்களை முழுசாகச் சேருங்கள்

நாங்கள் பிழை செய்த இடம் இது. மகளின் கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கும்பகோணத்து டாக்டரிடம் போனேன். மாலை ஓபி, டோக்கன் 23. உள்ளே போனதும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டை ஒரு தடவை பார்த்தார். மேசை மேல் வைத்துவிட்டு, "முதல் ஸ்கேன் எங்கே?" என்றார். என்னிடம் இல்லை. "பிரசவத் தேதியை முதல் மூன்று மாத ஸ்கேனை வைத்துத்தானே குறித்திருப்பார்கள்? குழந்தையின் நீளம் அப்போது எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாமல், இப்போது எடை குறைவா கூடுதலா என்று நான் எப்படிச் சொல்வது?" என்றார். திரும்பி வந்து, மகளிடம் கேட்டு, அவள் ஆஸ்பத்திரியில் வாங்கி அனுப்ப நான்கு நாள் ஆயிற்று. கர்ப்பத்தில் நான்கு நாள் சின்ன விஷயமில்லை.

ஆகவே முதல் ஸ்கேனிலிருந்து கடைசி ஸ்கேன் வரை எல்லாம் வேண்டும். இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள், பிரஷர் குறித்த பக்கங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் விடாதீர்கள். கோணலாக எடுத்த போட்டோவை அனுப்பாதீர்கள்; டியூப்லைட் வெளிச்சத்தில் 5.3 என்பது 6.3 ஆகத் தெரியும். ஆஸ்பத்திரி இணையக் கணக்கிலிருந்து பிடிஎஃப் ஆகவே இறக்கி அனுப்புங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகள் உங்களுக்கு உரியவை. அமெரிக்காவில் கேட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு மாதம். பணம் வாங்கக் கூடாது. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் உடனே எடுத்துத் தருவார்கள்.

அடுத்து அலகு. சர்க்கரையை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ரிப்போர்ட்டுகளில் மில்லிமோலில் எழுதுகிறார்கள். நாம் மில்லிகிராமில் பார்க்கிறோம். 18ஆல் பெருக்க வேண்டும். என் மகளுக்கு வெறும் வயிற்றில் 5.3. நம் கணக்கில் 95. இங்கிலாந்தின் வரம்பு 5.6, ஆகவே அங்கே "சர்க்கரை இல்லை". உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 5.1, அதாவது 92. அதன்படி "சர்க்கரை இருக்கிறது". நம் ஊரில் பெரும்பாலும் வெறும் வயிற்றைப் பார்ப்பதே இல்லை. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கிறோம். ஒரே இரத்தத்துக்கு மூன்று அளவுகோல். இதைத் தெரிந்துகொண்டால், "அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்ற பேச்சு பாதி குறையும்.

நான்காம் படி: யாரிடம் கேட்பது

முடிந்தவரை முதலில் இருக்கிற நாட்டிலேயே கேளுங்கள். அவர்தான் வயிற்றில் கை வைத்துப் பார்க்க முடியும், தேவையென்றால் மறுபடி ஸ்கேன் எடுக்க முடியும். உங்கள் டாக்டரிடமே கேட்கலாம். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். "நான் உங்களை விட்டுப் போகவில்லை, முடிவெடுக்கும் முன் இன்னொருவரும் பார்த்தால் எனக்குத் தைரியமாக இருக்கும், யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று சொன்னால் போதும். இங்கிலாந்தில் இது சட்ட உரிமையாக இல்லை. ஆனாலும் கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள். இன்சூரன்ஸ் உள்ள நாடுகளில், போவதற்கு முன்பே அந்த டாக்டருக்கு இன்சூரன்ஸ் பணம் கட்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

மொழி ஒரு தடையாக இருந்தால், கணவரை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். கெட்ட செய்தியை அவர் பாதி விழுங்கிவிடுவார்; பாசம் அப்படித்தான் செய்யும். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் போன் வழியாகக் கிடைக்கும்.

குழந்தைக்குக் குறை என்ற சந்தேகம் வந்தால், பொதுவான மகப்பேறு டாக்டரைவிட, கருவிலுள்ள குழந்தையின் மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்றவரிடம் போங்கள். தாயின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மரபணுப் பரிசோதனை ஒரு சல்லடை மாதிரி. அதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. இதில் நாட்களை எண்ண வேண்டும். கருக்கலைப்புக்கான வார வரம்பு நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர், சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள், குழந்தைக்குக் கடுமையான குறை என்றால் அதற்கு மேலும் மருத்துவக் குழு. கடினமான பேச்சுதான். ஆனால் வாரம் கடந்த பிறகு பேசினால் பயனில்லை.

ஊர் டாக்டர் என்ன செய்ய முடியும்? ரிப்போர்ட்டை விளக்க முடியும், அங்கே என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித்தர முடியும், உங்கள் பழைய பிரசவத்தைப் பார்த்தவர் என்றால் அந்த விவரத்தைத் தர முடியும். மருந்துச் சீட்டு எழுதி அனுப்ப அவரை வற்புறுத்தாதீர்கள். 2020இல் வந்த இந்தியத் தொலைமருத்துவ விதிகள் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான ஆலோசனையை உள்ளடக்கவில்லை. அந்தச் சீட்டை அங்குள்ள மருந்துக்கடையும் ஏற்காது. இன்னொன்று. சில நாட்டு ரிப்போர்ட்டுகளில் ஆணா பெண்ணா என்று போட்டிருக்கும். அதைப் பற்றி இங்குள்ள டாக்டரிடம் வாயே திறக்காதீர்கள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே டாக்டர் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஐந்தாம் படி: பேசும் நாள்

மாலை ஓபி நடுவே வீடியோ அழைப்பு வேண்டாம். வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது டாக்டருக்கும் மனம் நிற்காது. தனி நேரம் கேளுங்கள், அதற்குரிய கட்டணத்தைக் கொடுங்கள். "நம்ம டாக்டர்தானே" என்று ஓசியில் கேட்கும் கருத்துக்கு யாரும் பொறுப்பு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னே, துபாய் ஒன்றரை மணி பின்னே, இங்கிலாந்து கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னே. காகிதங்களை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

பேசுவது கர்ப்பிணிதான். அம்மா பக்கத்தில் இருக்கலாம், மாமியார் இருக்கலாம். ஆனால் அவள் அனுமதித்தால் மட்டுமே. முதல் ஐந்து நிமிடமாவது அவள் தனியாகப் பேச இடம் கொடுங்கள். வீட்டில் அடி, மிரட்டல், மன அழுத்தம், பழைய கருக்கலைப்பு போன்றவற்றை எல்லோர் முன்னும் ஒரு பெண் சொல்ல மாட்டாள். சொல்லாமல் விட்டால் கருத்தும் தப்பாகும். முடிந்ததும், அவர் சொன்னதை இரண்டு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: இருவரும் வேறு வேறாகச் சொன்னால்

மூன்றாவது ஆளைத் தேடி ஓடுவதற்கு முன், ஏன் வேறுபடுகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றே காரணம்தான். ஒருவர் பார்த்த காகிதத்தை மற்றவர் பார்த்திருக்க மாட்டார். அல்லது அளவுகோல் வேறாக இருக்கும். அல்லது உண்மையிலேயே இரண்டு வழியும் சரியாக இருக்கும், தேர்ந்தெடுக்க வேண்டியவள் நீங்களாக இருப்பீர்கள்.

நஞ்சுக்கொடி கீழே இருப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 20 வார ஸ்கேனில் அப்படிச் சொன்னால், ஊரில் உடனே "கட்டிலை விட்டு இறங்காதே" என்கிறார்கள். அங்கே "வேலைக்குப் போ, 32 வாரத்தில் மறுபடி பார்க்கலாம்" என்கிறார்கள். படுத்துக்கொண்டிருப்பதால் நஞ்சுக்கொடி மேலே ஏறுவதில்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு வளர, அது தானாக வாயைவிட்டு விலகுகிறது. பத்தில் ஒன்பது பெண்களுக்கு அப்படி விலகிவிடும். இரத்தம் பட்டால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

என் மகளின் சர்க்கரை விஷயத்தில், ஊர் டாக்டர் எழுதிய இரண்டு வரியை அவள் மிட்வைஃபிடமே காட்டினாள். அவர் மறுக்கவில்லை. வீட்டில் பார்க்க ஒரு குளுக்கோமீட்டர் கொடுத்தார். ஏழு நாளில் இரண்டு காலை மட்டும் 5.3க்கு மேல் வந்தது. இரவுச் சாதத்தைக் குறைத்து, சாப்பிட்ட பின் இருபது நிமிடம் நடந்தாள். அடுத்த வாரம் எல்லாம் அடங்கிவிட்டது. ஊர் டாக்டர் சொன்னதை மிட்வைஃபும் பார்த்ததால்தான் இது நடந்தது. ஊர் டாக்டர் சொன்னதை மறைத்து வைத்து, ஊர் மாத்திரையை ரகசியமாகப் போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

ஊருக்கே வந்துவிடலாம் என்றால்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து ஆசை, எனக்கும் இருந்தது. ஒரு கருத்து கேட்பதற்காக மட்டும் நீண்ட விமானப் பயணம் வேண்டாம். பிரசவத்துக்கே வருவதென்றால் முன்கூட்டியே முடிவெடுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும். ஒற்றைக் குழந்தை என்றால் பொதுவாக 36 வாரம், இரட்டை என்றால் 32 வாரத்தோடு நிறுத்திவிடும். டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாயிலிருந்து திருச்சிக்கு நேராக வரலாம். காலில் இரத்தம் உறையாமல் இருக்க அடிக்கடி எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

வந்த வாரமே பகுதிச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அது கேட்கப்படும். சிக்கலான கர்ப்பம் என்றால், வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோம் போதுமா, பிறந்த குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை எங்கள் காலத்திலிருந்தே கடினமான பிரசவங்களை நாங்கள் அனுப்பிவைத்த இடம். குழந்தை இங்கே பிறந்தால், அதற்குப் பாஸ்போர்ட்டும் அந்த நாட்டு விசாவும் கிடைக்கும்வரை திரும்ப முடியாது. அந்த மாதங்களையும் கணக்கில் சேருங்கள்.

அங்கேயே பிரசவம் என்றால், ஊரிலிருந்து நாம் அனுப்பக்கூடியது கொஞ்சம்தான். எங்களுக்குப் பத்துக் கல் தொலைவுக்குள் திருக்கருகாவூர். கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியில் வைத்துக் கொடுக்கும் விளக்கெண்ணெயை வாங்கி மகளுக்கு அனுப்பினேன். அனுப்பும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: அது வயிற்றில் தடவுவதற்கு. குடிக்கச் சொல்லாதீர்கள், விளக்கெண்ணெய் குடித்தால் வயிற்றுப்போக்கோடு கர்ப்பப்பையும் சுருங்கத் தொடங்கலாம். என் மகள் அந்தச் சின்னப் பாட்டிலை ஆஸ்பத்திரிப் பையில் வைத்துக்கொண்டாள். அதே பையின் முன் அறையில், அவள் எழுதிய அந்த ஒரு பக்கத் தாள், 40 வாரம் வரை தேதி தேதியாகத் திருத்தப்பட்டு இருந்தது. பிரசவ அறையில் ஷிப்ட் மாறி வந்த டாக்டர் முதலில் கேட்டு வாங்கிப் படித்தது அதைத்தான்.